இன்னொரு தடவை வரச் சொன்னால்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் மூட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி மூட்டைகளைப் பிரிப்பது பதினாறு வருஷமாக அவள் வேலை. மேசையில் ஒரு மூட்டை முடியாமல் அடுத்ததை அவிழ்க்கக் கூடாது; இரண்டும் கலந்துவிட்டால் எது எந்த வார்டுத் துணி என்று கடவுளுக்கே தெரியாது.

பத்தாவது படிக்கும் மகள் விஷயமாகப் பள்ளியிலிருந்து அந்த மாதம் மூன்றாவது தடவை அழைப்பு வந்தது. "பேசாம அங்கயே உனக்கொரு நாற்காலி போடச் சொல்லுக்கா" என்றாள் கூட நின்றவள். சிரிப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

மகள் ரெக்கார்ட் நோட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஏன் என்று டீச்சர் கேட்டதும் கோபத்தில் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பிடுங்கி வீசியிருக்கிறாள். இன்னொரு தடவை நடந்தால் டி.சி.தான் என்றார் தலைமையாசிரியை. வகுப்பு டீச்சர் மட்டும் வாசல் வரை கூடவே வந்தார்.

"அவ மறதியும் கோபமும் வேற வேற இல்லம்மா. நாலு விஷயத்தை மனசுல நிறுத்தி வரிசைப்படுத்துற சக்திதான் கோபத்தையும் பிடிச்சு நிறுத்தணும். இந்த வயசுல அது இன்னும் முழுசா வளரல. ஒண்ணுல களைச்சுட்டா இன்னொண்ணு கைவிட்டுடும்."

பஸ்ஸில் நின்றபடியே யோசித்துப் பார்த்தாள். ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் பொழிவது: கேஸை மூடு, ரெக்கார்டை எடு, சாவியைக் கொடு, துணியை உள்ளே போடு, தலையை வாரு. மேசையில் ஒன்றுக்கு மேல் அவிழ்க்காதவள், வீட்டில் ஐந்தையும் ஒன்றாக அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மகள் ஒன்றை விட்டால் கத்தல் வேறு. அலுத்துப்போன உடம்பில் தனக்கே கோபம் எங்கே நின்றது?

மறுநாள் முதல் ஒரு நேரத்துக்கு ஒன்றே ஒன்று சொன்னாள். வாயைக் கட்டுவது துணி பிழிவதைவிடக் கஷ்டம். இரண்டு நாள் கத்தவும் செய்தாள்.

மூன்றாவது வாரம் மறுபடி போன். ஈர ஏப்ரனோடு போனாள். மகள் வராந்தாவில் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டு மறந்துபோய்விட்டதாம்.

"யாரை அடிச்ச?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரையும் இல்லம்மா. கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. டீச்சர்கிட்ட சொல்லிட்டு வெளியே வந்துட்டேன். கை நடுங்குது பாரு."

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. "மறந்ததுக்கு நாளைக்கு லெட்டர் எழுதித் தரட்டும். இப்ப வகுப்புக்குப் போகச் சொல்லுங்க. உங்களை வீணா வரவழைச்சுட்டோம்."

வீணாகத்தான் வந்தாள். அரை நாள் லீவும் போயிற்று. எழுந்து கிளம்பத்தான் உடம்பு வரவில்லை. மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நடுக்கம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.