அனிசேயின் பதினைந்து கிலோமீட்டர்

அனிசே லவல்லே பொய் பேசாத மனிதர் என்று எங்கள் ஏரிக்கரை ஊரான புவாந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அக்டோபர் மாதத்தை யாரும் அதில் சேர்ப்பதில்லை.

ஆள் குள்ளம். முப்பத்தோரு வருஷம் மாவட்டத்துச் சரளைச் சாலைகளில் கிரேடர் ஓட்டினார். கோடையில் சரளையைச் சமன் செய்வது, குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவது. இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். மீதியைப் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து வலை இழுக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. கல்யாண மோதிரம் வலது கைக்குப் போய்விட்டது. அதைப் பற்றிக் கேட்டால், "அந்த விரலுக்கு எங்கிட்ட பெரிய வேல ஒண்ணும் இல்ல" என்பார்.

மனைவி எமரான்ஸ். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயது வரை தினமும் மீன் தின்றவர். கல்யாணத்தன்று இனிமேல் மீன் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். நாற்பத்தாறு வருஷமாக அதில் மாற்றமில்லை. கணவர் பிடித்து வருவதைச் சுத்தம் செய்வார், மாவில் புரட்டிப் பொரிப்பார், அவர் முன்னால் வைப்பார். தனக்கு மட்டும் கறி உருண்டை சூப் ஊற்றிக்கொள்வார்.

எங்கள் ஏரி அகலமானது, ஆழம் கிடையாது. கரையிலிருந்து அரை மைல் போய்த் துடுப்பை இறக்கினாலும் தரை தட்டும். அதனால் காற்று கொஞ்சம் எழுந்தாலே அடியில் கிடக்கும் சேறு மேலே வந்து தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும். அலை உயரமாக வராது, அடுத்தடுத்து வரும். ஒன்றைத் தாண்டுவதற்குள் அடுத்தது படகுக்குள் உட்கார்ந்திருக்கும். மீனுக்கு இது பிடிக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து ஏரி உறையும் வரை மீன்கள் குளிர்காலத்துக்குத் தின்று தீர்க்கக் கரைப்பக்கம் வரும். புத்தகத்தில் வால்ஐ என்று போட்டிருக்கும் மீனை இங்கே பிக்கரல் என்போம். பைக் மீன் எங்களுக்கு ஜாக். பிக்கரல் பாறைத் திட்டில் நிற்கும், ஜாக் நாணல் ஓரத்தில் படுத்திருக்கும். இது தெரிந்த நகரத்து ஆட்களும் அந்த ஆறேழு வாரம் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேருவார்கள்.

பக்கத்து டவுன் ரேடியோக்காரர்களுக்கு ஏரியில் என்ன காற்று என்று தினமும் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அனிசே ஒத்துக்கொண்டார். காலை ஐந்தே முக்காலுக்கு டோரீன் என்கிற அறிவிப்பாளரைக் கூப்பிட்டு ஓர் எண்ணைச் சொல்வார், அதை அவர் ஆறு மணிச் செய்தியில் வாசிப்பார். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. சம்பளம், கிறிஸ்துமஸுக்கு ஒரு தொப்பி. பதினேழு தொப்பி சேர்ந்திருந்தது.

காற்றை அளக்க அவர் வைத்திருந்தது மீன் கொட்டகைக் கூரையில் ஆணியடித்த ஒரு மாவுச் சாக்குத் துணி. துணி தொங்கினால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். பாதி எழுந்தால் பதினைந்து. நேராக நின்றால் முப்பது. துணியைக் காணோம் என்றால் ஐம்பது.

இரண்டாம் வருஷ அக்டோபரில் நகரத்து ஆட்கள் இருவர் திட்டுக்கு அப்பால் கவிழ்ந்தார்கள். அனிசே போய்த் தூக்கி வந்தார். ஒருவனுக்குக் காலில் ஒன்றுமில்லாததால் தன் பூட்ஸைக் கொடுத்து அனுப்பினார். பூட்ஸ் திரும்பி வரவில்லை. அடுத்த சனிக்கிழமை படகுத் துறையில் நகரத்து வண்டிகள் பதினாலு வரிசையாக நின்றன, தன் ஊர்த் துறையில் அவர் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். திங்கட்கிழமை காலை துணி பாதி எழுந்திருந்தது. டோரீனிடம், "முப்பது" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் பதினைந்து கிலோமீட்டர் கூடுதல். நகரத்திலிருந்து கிளம்பியவர்கள் பாதி வழியில் ரேடியோவைக் கேட்டு வேறு ஆற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் மனசுக்குள் பதினைந்தைக் கழித்துவிட்டுப் படகை இறக்குவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை. நான் இந்த ஊர்க் கடையை எடுத்து நடத்த வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. வந்த முதல் அக்டோபரில், கடையின் கணப்படுப்புப் புகைக்குழாய் எங்கே அடைத்துக்கொள்ளும் என்று சொல்லித்தருவதற்கு முன்னால், கழிக்கச் சொல்லித்தந்தார்கள். அனிசேயிடமே ஒருமுறை கேட்டேன்.

"மாமா, நெஜமாவே அவ்ளோ காத்தா?"

"நாளுக்குள்ள எப்பவாவது அந்த அளவு வரும் தம்பி. வர்றப்ப நான் சொன்னது சரியா இருக்கும்ல."

போன வருஷம் செப்டம்பரில் ரேடியோ நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. நீண்டகாலச் சேவைக்கு நன்றி, இனி தானியங்கிக் கருவி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கூடவே சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். அக்டோபர் பதினாலாம் தேதி இரண்டு பேர் வந்து துறைக்குப் பக்கத்தில் முப்பதடிக் கம்பம் நட்டு, உச்சியில் கிண்ணம் கிண்ணமாகச் சுற்றும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். எமரான்ஸ் பத்திரத்தை மாடிப்படி ஓரத்தில் மாட்டினார்.

அனிசே அப்புறமும் ஐந்து மணிக்கு எழுந்து தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படுங்களேன்," என்றார் எமரான்ஸ். "உங்களக் கேட்டுட்டா காத்து அடிக்குது?"

"தூக்கம் வரல."

"பதினேழு வருஷமா வரலன்னு சொல்லிட்டுத்தான் எழுந்தீங்க. நான்தான் நெனச்சிட்டிருந்தேன், வேலைக்காக எழுந்திருக்கீங்கன்னு."

முதல் மூன்று நாள் ஏரி அமைதியாக இருந்தது. நாலாம் நாள் ரேடியோவில் எட்டு என்றார்கள். எட்டிலிருந்து பதினைந்து போனால் என்ன வரும் என்று கடையில் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. அவ்வளவு அமைதியான நாள் என்று முடிவானது. எல்லோரும் போனார்கள், அமைதியாகத்தான் இருந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டதால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை டோரீன், "முப்பத்திரண்டு, தென்கிழக்கிலிருந்து" என்று வாசித்தார்.

எமரான்ஸின் தம்பி ஜெதியோன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஜன்னலை இறக்கினான். "பதினேழு. வர்றியா?"

கடையைப் பூட்டினேன். தென்கிழக்கு என்றால் எங்களுக்கு முதுகுப் பக்கமிருந்து வரும் காற்று. ஊர் மரங்கள் தடுத்துக்கொள்வதால் துறையில் நின்றால் சட்டைகூட அசையாது. எங்களைச் சேர்த்து ஏழு படகுகள் இறங்கின.

திட்டுக்கு ஒன்றரை மைல். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியதால் சீக்கிரம் போய்விட்டோம். ஈயத் தலைத் தூண்டிலில் உப்பிட்ட சின்ன மீனைக் குத்தி இறக்கினேன், தரை தொடுவதற்குள் இழுத்தது. கலங்கிய தண்ணீரில் பிக்கரலுக்கு மட்டும் கண் நன்றாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு அனுமதித்த நாலும் ஆகிவிட்டது. ஜெதியோனுக்குக் கூடவே கை நீள ஜாக் ஒன்று. அது படகுக்குள் குதித்து அவன் பூட்ஸைக் கவ்வியது. அவன் அதைப் பிடுங்குவதற்குள் ஓர் அலை வந்து உள்ளே ஊற்றியது.

"பதினேழுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி," என்றேன்.

"திட்டுல எப்பவும் அப்படித்தான்," என்றான். அடுத்த அலை அவன் மடியில் விழுந்தது. "மொண்டு ஊத்து."

காப்பி டப்பாவால் மொண்டு ஊற்றினேன். சுற்றிலும் ஒவ்வொரு படகிலும் ஒருவர் மொண்டுகொண்டிருந்தார். திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே. போன வழி பத்து நிமிஷம் எடுத்தது, வந்த வழி முக்கால் மணி. நான் ஒருமுறை கரை சேர்ந்தால் எமரான்ஸ் தேவாலயத்தில் நடத்தும் பிங்கோ ஆட்டத்துக்கு வருவதாக வேண்டிக்கொண்டேன். ஜெதியோன் மோட்டார் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கரை நெருங்கியதும் மோட்டார் சேற்றில் மோதி நின்றது. துறைக்கு இன்னும் முந்நூறு அடிக்கு மேல் இருந்தது. தண்ணீரைக் காணோம். காலையிலிருந்து அடித்த காற்று எங்கள் கரையோரம் இருந்த தண்ணீரையெல்லாம் மறுகரைப் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. ஒவ்வொரு படகாக வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஒருவர் காலை இறக்கிப் பார்த்தார். தொடை வரை போனது, பூட்ஸ் இல்லாமல் திரும்பி வந்தது. ஏழு படகும் சேற்றில் உட்கார்ந்திருக்க, எதிரே எங்கள் வண்டிகள் வரிசையாகத் தெரிந்தன.

பக்கத்துப் படகில் ஊராட்சி உறுப்பினர் ஃப்ளோரஸ்டின் இருந்தார். பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டார்.

"பதினேழுன்னு தானே கணக்கு?"

"பதினேழுதான். எல்லாரும் அதானே போட்டோம்," என்றான் ஜெதியோன்.

"சரி. மெஷினுக்குப் பதினஞ்சு சேக்கச் சொல்லி யாரு சொன்னது?"

ஏழு படகிலும் எல்லோரும் துறையோரக் கம்பத்தைப் பார்த்தார்கள்.

அனிசே அன்று காலை ரேடியோவில் எண்ணைக் கேட்டார், ஜன்னல் வழியே துணியைப் பார்த்தார். துணி நேராக நின்றது. எண்ணும் சரி, துணியும் சரி என்று காப்பி குடிக்கப் போனார். ஒன்பது மணிக்குத் தபால் எடுக்கத் துறைப்பக்கம் நடந்தவர், ஊர்க்காரர்களின் வண்டிகள் ஏழு நிற்பதைப் பார்த்தார். எமரான்ஸ் பிற்பாடு சொன்னது இது: வீட்டுக்குள் வந்து வலைக் கயிற்றை எடுத்தாராம். "அவங்க கழிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

எங்களுக்கு அவர் முதலில் சேற்றில் ஊரும் ஏதோ ஒன்றாகத்தான் தெரிந்தார். வாத்து வேட்டைக்குப் போகும் தட்டைப் படகில் வயிற்றை வைத்துச் சாய்ந்து, கால்களால் சேற்றை உதைத்து உதைத்து வந்தார். பின்னால் வலைக் கயிறு நீண்டது. அதன் மறுமுனை எமரான்ஸின் வண்டியில். வந்து சேர அரை மணி ஆனது. அறுபத்தொன்பது வயது.

எங்கள் படகின் மூக்கில் கயிற்றைக் கட்டினார். முகத்தில் சேறு, மூச்சு வாங்கியது.

"எத்தன கழிச்ச மச்சான்?"

"பதினஞ்சு, அத்தான்," என்றான் ஜெதியோன்.

"ம்."

கையை உயர்த்தினார். எமரான்ஸ் வண்டியை மெதுவாகச் சாலையில் ஓட்டினார், படகு சேற்றின் மேல் வெண்ணெயில் வழுக்குவது போலக் கரைக்குப் போனது. கயிற்றை அவரே திரும்ப இழுத்துப் போனார். ஏழு தடவை. ஒவ்வொரு படகிலும் அதே கேள்வி, அதே பதில். ஃப்ளோரஸ்டின் மட்டும், "நான் இருபது கழிச்சேன். உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாராம்.

கடைசிப் படகு ஏறியதும் அனிசே வண்டிப் படியில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றிச் சேற்றைக் கொட்டினார்.

"திட்டுல யாராவது கவுந்திருந்தா?" என்றார்.

எமரான்ஸ் அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். அவரைத் தேற்ற முயலவில்லை. "கவுந்திருந்தா நீங்க போயிருப்பீங்க," என்றார். "அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. ஏறுங்க."

அந்த வாரம் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கருவி சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். கருவி சரியாக இருப்பதுதான் பிரச்சனை என்று சிலர். கடைசியில் ஒருவர் எழுந்து, அனிசே மாமா சேர்ப்பதை நிறுத்திவிட்டதாக முன்கூட்டி அறிவித்திருக்க வேண்டும் என்றார்.

"நான் சேத்தேன்னு எப்பவாவது சொன்னேனா?" என்றார் அனிசே.

"அப்ப நாங்க இத்தன வருஷம் எதக் கழிச்சோம்?" என்றார் ஃப்ளோரஸ்டின்.

கருவியைப் பதினைந்து கூட்டிக் காட்டும்படி வைக்கச் சொல்லி ரேடியோ நிலையத்துக்கு மனு எழுதுவது என்று தீர்மானம் நிறைவேறியது. அனிசே மட்டும் கை தூக்கவில்லை. கருவியை அப்படி மாற்ற முடியாது என்று நிலையம் இரண்டே வரியில் பதில் போட்டது.

அந்தப் பருவத்தில் அவர் தூண்டிலைத் தொடவில்லை. தினமும் ஐந்து மணிக்குத் துறைக்குப் போய் நின்றார். வருகிற ஒவ்வொருவரிடமும் கருவி காட்டும் எண்ணைச் சொல்லி, "கழிக்காதீங்க" என்பார். நிஜமான காற்று ரேடியோவில் போவதால் நகரத்து வண்டிகளும் வர ஆரம்பித்தன. அவர்களுக்குக் கழிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. இவரை யாரோ அதிகாரி என்று நினைத்து வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். இடம் காட்டினார். இழுத்துக் காப்பாற்றிய நன்றிக்கு ஏழு படகுக்காரர்களும் எமரான்ஸுக்குப் பிக்கரல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கி பிங்கோ பரிசாக வைத்தார். வேண்டுதலுக்காகப் போயிருந்த எனக்கு என்னுடைய இரண்டு மீன் திரும்பக் கிடைத்தது.

நவம்பர் பத்தாம் தேதி ஏரி உறைந்தது. அதற்குப் பிறகுதான் அவர் ஐந்தரை வரை தூங்கினார்.

இந்தக் கோடையில் டோரீன் கூப்பிட்டார். காற்றுக்குக் கருவி இருக்கிறது, மீனுக்கு இல்லை. அக்டோபர் சனிக்கிழமைகளில் இரண்டு நிமிஷம் ஏரியில் மீன் எப்படி என்று பேச முடியுமா என்று கேட்டார். அனிசே ஒரு வாரம் யோசித்தார். எமரான்ஸ், "காத்தப் பத்திப் பேசாத வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்ல" என்றார்.

முதல் சனிக்கிழமை நாங்கள் திட்டிலேயே இருந்தோம். ஜெதியோன் ரேடியோவைப் படகுக்குக் கொண்டு வந்திருந்தான். காற்று ஒன்பது. நான் மூன்றாவது பிக்கரலைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, முந்தின நாளே பதிவு செய்திருந்த அவர் குரல் வந்தது. இந்த வருஷம் மீனே இல்லை, நாலு நாள் உட்கார்ந்தும் ஒன்றும் படவில்லை, பெட்ரோல் தண்டம் என்றது குரல். டோரீன் வருத்தம் தெரிவித்தார்.

படகின் பின்புறம் உட்கார்ந்திருந்த அனிசே தன் தூண்டிலை இறக்கினார்.

"நல்லாப் பேசுறாரு," என்றார்.