லேடீஸ் ஃபுட்ரெஸ்ட், அறுநூற்று ஐம்பது ரூபாய்

அலாய் வீலோடு சேர்த்து வண்டியின் விலை பேசி முடிந்துவிட்டது. வானகரத்து ஷோரூமில் ஏசி குளுகுளுவென்று வீச, அன்வர் பாஷா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அவருடைய மனைவி அஷ்ரஃபுன்னிசா. எதிரே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, விற்பனைப் பெண் நிவேதிதா.

"சார், வண்டி ஓகே ஆயிடுச்சு. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் மட்டும் பாத்துடலாமா?"

"ஒண்ணொண்ணா படிம்மா. நான் வேணாம் வேணாம்னு சொல்லிகினே வரேன்" என்றார் அன்வர் பாஷா.

நிவேதிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேங்க் கவர்?"

"அதுக்கு இன்னா, குளிரா அடிக்குது?"

"டெஃப்லான் கோட்டிங். ஆயிரத்து நூறு."

"அது தோசக்கல்லுக்குப் போடறதாச்சே!"

"கிராஷ் கார்டு சார். ஆயிரத்து அறுநூத்தி அம்பது."

"வேணாம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அஷ்ரஃபுன்னிசா குறுக்கே வந்தாள். "அத எழுதிக்கம்மா. மூணு வருசம் முந்தி பைபாஸ்ல விழுந்து காலுல கம்பி வச்சுகினு கீறாரு இவுரு."

"கம்பி வச்ச காலுக்கு எதுக்குடி இன்னொரு கம்பி?"

"எழுதிக்கம்மா" என்றாள் அவள் மறுபடியும். நிவேதிதா எழுதிக்கொண்டாள்.

அன்வர் பாஷாவைப் பூந்தமல்லியில் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பன் பாய்' என்று கேட்க வேண்டும். விடிந்தும் விடியாமலும் பேக்கரிக்குப் போய் பன், ரஸ்க், வர்க்கி எல்லாவற்றையும் டிரேக்களில் அடுக்கி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, குமணன்சாவடியில் தொடங்கி நசரத்பேட்டை வரைக்கும் முப்பத்திரண்டு டீக்கடைகளுக்குப் போடுகிறவர். பழைய வண்டி போன மாதம் நடுரோட்டில் மூன்று முறை நின்றுவிட்டது. அதனால்தான் இந்தப் புது வண்டி. அதில் பாதிப் பணம், அஷ்ரஃபுன்னிசா சுடிதார் தைத்துச் சேர்த்துக் கட்டிய சீட்டுப் பணம். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குக்கென்று எட்டாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். டிரே வைக்கிற இரும்பு கேரியருக்கே அதில் நாலாயிரத்து எண்ணூறு போய்விடும்.

"லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் சார். அறுநூத்தி அம்பதுதான். அம்மா காலு வச்சு ஏற வசதியா இருக்கும்."

அன்வர் பாஷா வாய்விட்டுச் சிரித்தார். "அது சுத்தமா வேணாம்மா. அந்தப் பக்கம் அது இருந்தா டிரே தொங்காது. அதுவுமில்லாம பின்னாடி எனக்கு சரக்குதான் ஏறும். இவுங்களுக்கு பைக்குல உக்காந்தாலே தலை சுத்தும். ஷேர் ஆட்டோ பார்ட்டி!"

நிவேதிதாவும் சிரித்தாள். அஷ்ரஃபுன்னிசாவும் சிரித்தாள். பேனா அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டது.

அந்தக் கோடு காகிதத்தில் விழுந்ததா, அவள் நெஞ்சில் விழுந்ததா? கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏசிக் காற்று பட்டுக் கண் எரிகிறது என்பதுபோல முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுக்குத் தலை சுற்றாது. எப்போதும் சுற்றியதில்லை.

கல்யாணமான மூன்றாம் மாதம். அப்போது அவரிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. ஆவடியில் இருந்த அவள் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக, டிரேக்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தை அஷ்ரஃபுன்னிசா இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பாள். புதுப்பெண்ணின் கை அவர் தோளில். காதருகே காற்று. திரும்பித் திரும்பி "பயமா கீதா?" என்று அவர் கேட்டதும், "இல்லை" என்று அவள் சொன்னதும். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன்பு அறிந்ததில்லை.

ஆனால் அன்றைக்கு பன் போகாத கடைகளில் இரண்டு, மறுநாளே வேறு ஆளிடம் சரக்கு வாங்க ஆரம்பித்துவிட்டன. அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அடுத்த முறை அவர் டிரேயைக் கழற்றப் போனபோது, இருபத்தொரு வயது அஷ்ரஃபுன்னிசா சொன்னாள். "எனக்கு வண்டில உக்காந்தா தலை சுத்துதுங்க. வாந்தி வரா மாரி கீது. நான் ஆட்டோலயே வந்துடறேன்."

அவ்வளவுதான். அந்த ஒரு பொய் இருபத்திரண்டு வருடமாக அவர்களோடு குடித்தனம் நடத்தியது. மகள் உஸ்மாவைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஆட்டோவில். அம்மா மவுத்தாகி, கடைசியாக முகம் பார்க்க ஆவடிக்குப் போனதும் ஆட்டோவில்.

அந்த மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருமுறைகூட அவளைத் தனியாக அனுப்பியதில்லை. ஷேர் ஆட்டோவில் ஓரத்து சீட்டாகப் பார்த்து ஏற்றிவிட்டு, தன் வண்டியில் அந்த ஆட்டோவின் பின்னாலேயே வருவார். ஆட்டோ நின்றால் நிற்பார். கிளம்பினால் கிளம்புவார். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டுகிறவர்களைக் கண்டுகொள்ள மாட்டார். அவள் முகம் தெரிகிற தூரத்தை விட்டு விலகவே மாட்டார்.

ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் அன்றைக்கும் அப்படியே நடந்தது. "பூந்தமல்லி... பூந்தமல்லி" என்று கத்திய ஆட்டோவை நிறுத்தி, "உள்ள தள்ளி உக்காருப்பா, லேடீஸ் ஏறுறாங்க" என்று ஒருவரை நகர்த்தி அவளை ஏற்றிவிட்டார். ஆட்டோ கிளம்பியது. அஷ்ரஃபுன்னிசா தலையை நீட்டிப் பார்த்தாள். பழைய வண்டி புகை கக்கிக்கொண்டு வந்தது. காலி டிரேக்கள் குலுங்கின. அவள் பார்ப்பதைக் கண்டு அவர் கையை ஆட்டினார்.

அந்தக் கை ஆட்டத்தை அவளால் தாங்க முடியவில்லை. குமணன்சாவடி சிக்னலில், "நிறுத்துப்பா, எறங்கிக்கிறேன்" என்றாள். மெட்ரோ தூணுக்குக் கீழே இறங்கி நின்றாள்.

அன்வர் பாஷா பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினார். "இன்னா ஆச்சு அஷ்ரு? ஆட்டோலயும் தலை சுத்துதா?"

"எனக்குத் தலை சுத்தாதுங்க."

"இன்னாது?"

பின்னாலிருந்து ஒரு லாரி அலறியது. அவள் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்தது. "தலை சுத்தாது! எப்பவும் சுத்துனதே இல்ல! அன்னிக்கு ரெண்டு கடை போச்சே, அதுக்காவ சொன்னேன். அந்த ஃபுட்ரெஸ்ட்ட அடிக்க வேணாம்னு சொல்ல வாய் வர்ல எனக்கு."

அவர் அவளையே பார்த்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "இருவத்திரெண்டு வருசமா ஒவ்வொரு ஆட்டோ பின்னாடியும் நாயி மாரி ஓடியாந்தேனேடி. ஊரே சிரிச்சுது. ஆசப்பட்டுக் கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டீங்க. அதனாலதான் கேக்கல."

அவர் இன்னொரு ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். அன்றைக்கு அவர் பின்னால் வந்தார்தான். ஆனால் அவள் திரும்பிப் பார்த்தபோது கை ஆட்டவில்லை.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. "அத்தாவுக்கும் உனக்கும் இன்னாம்மா பிரச்சன? வண்டி வாங்கற ஊடு மாரியா கீது?" என்று உஸ்மா கேட்டதற்கு, "உன் வேலயப் பாரு" என்றாள். அவளுக்கு அவர் கோபம்கூடப் பெரிதாகப் படவில்லை. ஏமாந்துபோன குழந்தையைப் போல அந்த முகம் வாடியதே, அதைத்தான் மறக்க முடியவில்லை. ஐயோ, ஒரு நல்ல மனுஷனை இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டோமே!

மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல், கேரியர் செய்கிற கலியமூர்த்தியின் வெல்டிங் பட்டறைக்கு நடந்தே போனாள். கேரியரைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்ய முடியுமா, அந்த ஃபுட்ரெஸ்ட்டும் இருந்துவிட்டுப் போகுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கலியமூர்த்தி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். "இன்னாமா இது, புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கவே மாட்டீங்களா? நேத்து பாய் வந்து இதத்தான் கேட்டாரு."

அவள் மனம் துள்ளியது. "நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆவும்னேன். ஆனா தனி பிளேட்டு, போல்ட்டு, எல்லாம் வேணும். ரெண்டாயிரத்து எழுநூறு சேத்து ஆவும்னேன். ஒண்ணும் பேசல. தலைய ஆட்டிகினே போய்ட்டாரு."

துள்ளிய மனம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கணக்கு அவளுக்குத் தெரியாதா? கேரியர் ஏழாயிரத்து ஐந்நூறு. கிராஷ் கார்டு ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. அதிலேயே எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. கிராஷ் கார்டை விட்டால், கைக்காசு நூற்றைம்பது சேர்த்து ஃபுட்ரெஸ்ட் போடலாம்தான். ஆனால் அவர் காலை விற்று அவள் காலுக்கு இடம் வாங்குவதா? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஷோரூமுக்குப் போன் போட்டாள்.

"நிவேதிதாம்மா, அந்த கிராஷ் கார்டு எழுதினியே, யாரு சொன்னாலும் அத மட்டும் அடிச்சுடாத. வேற எது இல்லன்னாலும் பரவால்ல."

"சரிங்கம்மா" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் ஏதோ ஒரு சிரிப்பு இருந்தது. அஷ்ரஃபுன்னிசா அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு அவர் நேராக ஷோரூமுக்குப் போய்விட்டார். "வந்து சேரு" என்று ஒரே வார்த்தையில் போன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, பின்னால் யாரும் வராத ஆட்டோவில் அவள் போனாள். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஷோரூம் வாசலில் வண்டி நின்றது. முன்னால் கிராஷ் கார்டு பளபளத்தது. கேரியரைக் காணோம். சீட் முழுசாக, நீளமாக, பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. அதன் கீழே இடது பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பலகை.

அஷ்ரஃபுன்னிசா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் சக்கரம் கண்ணில் பட்டது. கம்பி கம்பியாக ஸ்போக் சக்கரம்.

"இன்னாங்க இது? அலாய் வீலுன்னு சொல்லி, ஒரு மாசமா போட்டோ பாத்துகினு இருந்தீங்களே?"

"அலாய் வீலு இன்னா, பறக்கவா போவுது? ரெண்டும் உருண்டைதான்" என்றார் அன்வர் பாஷா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "கேரியர கலியமூர்த்தி நாளைக்குக் குடுக்குறேன்னாரு. நாலு போல்ட்டு. வெள்ளிக்கெழம மத்தியானம் கழட்டிடலாம்."

"ஆன்ட்டி, அலாய் வீல் மாடல் வேணாம்னு சொன்னதுல ரெண்டாயிரத்து நானூறு மிச்சம்" என்று நிவேதிதா அவள் காதருகே கிசுகிசுத்தாள். "ரெண்டு பேரும் தனித்தனியா எனக்குப் போன் பண்ணிக் கொன்னுட்டீங்க!"

அஷ்ரஃபுன்னிசா குனிந்து அந்தக் கறுப்புப் பலகையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பேச முயன்றால் அழுதுவிடுவாள். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இன்னமும் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏறு" என்றார்.

எப்படி ஏறுவது? நாற்பத்து மூன்று வயதில் உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. புர்காவைத் தூக்கிப் பிடிப்பதா, அவர் தோளைப் பிடிப்பதா? "இந்தக் காலு இங்க ஆன்ட்டி" என்று நிவேதிதா குனிந்து காட்டிக் கொடுத்தாள். பலகையில் கால் பதிந்தது. ஒரு தம் கட்டி ஏறி உட்கார்ந்தாள். வண்டி லேசாக அமுங்கியது.

"உக்காந்துட்டியா?"

"ம்."

"பொய் இல்லியே?"

அவள் அவர் முதுகில் ஒரு அடி போட்டாள். நான்கு நாளாக இறுகிக் கிடந்த அவர் தோள் சிரிப்பில் குலுங்கியதை அவள் கை அறிந்தது.

பூந்தமல்லி வந்தது. வீட்டுக்குத் திரும்பும் முனையில் அவர் வேகத்தைக் குறைத்தார். "ஊட்டுக்குத்தானே?"

அவள் சட்டென்று சொன்னாள். "உங்க லைன காட்டுங்க. நான் பாத்ததே இல்ல."

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனது. முதலில் வந்த டீக்கடைக்கு எதிரே ஓரமாக நிறுத்தினார். கண்ணாடி ஜாடிக்குள் நாலைந்து பன் மிச்சமிருந்தது.

"இது தட்சிணாமூர்த்தி கடை. டெய்லி இருவது பன்னு, ஒரு பாக்கெட் ரஸ்க். பொங்கலுக்கு மட்டும் லீவு உடுவாரு."

கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், இந்த நேரத்துல? யாரு பின்னாடி?"

"நம்ம ஊட்டுக்காரம்மா!" என்று அன்வர் பாஷா அந்தச் சாலைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அவளுடைய அடுப்பு எரிந்ததும், மகள் படித்ததும் இந்தக் கண்ணாடி ஜாடியிலிருந்துதான். ஒரு கணம் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு காலைப் பலகையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, அவர் தோளை அழுத்தினாள்.

"அடுத்த கடை?"

"நசரத்பேட்ட போற வழில. அது முப்பது பன்னு."