ஒரு வாய் டீசல்

காலை பத்து நாற்பதுக்கு என் மகன் ஒரு வாய் டீசலை உள்ளே இழுத்தான். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் கைப்பேசியைப் பார்த்து, இன்னும் கால் மணி நேரத்தில் இவனை எப்படியாவது வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. நான் பாடம் நடத்தும் பள்ளி அன்று இருந்திருந்தால் அந்தக் களத்தில் நின்றிருக்கவே மாட்டேன்.

லாரி என் கணவரின் அண்ணனுடையது. தைலமரக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. முழங்கால் தேய்ந்து, அந்த வண்டியின் கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் அவர் அதை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான களத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். விற்கவில்லை. வேறு ஆள் கையில் கொடுக்கவும் இல்லை. டேங்க்கில் பாதி டீசலோடு அது வருடக்கணக்கில் வெயில் காய்ந்தது, மழையில் நனைந்தது. அடியில் கோழி முட்டையிடும். கோழியைத் தேடிப் பாம்பு வரும். எங்கள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு வசவு சொல்லிவிட்டுத்தான் தாண்டுவேன்.

என் மகன் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவன். வளைகுடாவில் இருக்கும் அவன் அப்பா விசாவுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். இவன் போக மாட்டேன் என்றான். போகாமல் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, நேராக டீக்கடைக்குப் போய்ப் பெரியப்பாவிடம் லாரியைக் கேட்டிருக்கிறான்.

"டீச்சரம்மா மகனுக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமாப்பா?" என்று அவர் கடையில் இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டாராம்.

"தெரியும் பெரியப்பா. நீங்க எந்தப் பக்கம் பிடிச்சீங்கன்னும் தெரியும். ஒரு நட்டு பாக்கியில்லாம வழுக்கிப் போயிக் கெடக்கு."

கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அவர் முடியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார். சிரித்த பிறகு அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"ஓட வையி. ஓடுனா நீயே ஓட்டிக்க. ஒரு நட்டு ஒடஞ்சாலும் அன்னைக்கோட களத்துப் பக்கம் வரக் கூடாது."

மறுநாளே இவன் வேலையை ஆரம்பித்தான். டீசல் ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே தாரைப் போல ஒன்று ஒட்டியிருந்தது. பம்ப்பையும் நாசில்களையும் கழற்றிச் சாக்கில் சுற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்தான். குழாய்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காற்றடித்தான். சட்டையெல்லாம் நாறும். சாப்பாட்டுத் தட்டு நாறும். மிச்சம் இருந்தது டேங்க் ஒன்றுதான். பழைய டீசல், அதில் இறங்கிய மழைத் தண்ணீர், துரு எல்லாம் சேர்ந்து அடியில் கறுப்புக் கூழாகக் கிடந்தது. அதை வெளியே எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால், சுத்தம் செய்த பம்ப் மறுபடியும் அடைத்துக்கொள்ளும் என்றான். அடியில் இருந்த வடிகால் நட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. டேங்க்கைத் தாங்கிய பட்டையின் போல்ட்டுகளும் அப்படியே.

அவன் பெரியப்பா தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உதவ அல்ல. ஏதாவது உடைகிறதா என்று பார்க்க. அந்த ஞாயிற்றுக்கிழமை இவன் நட்டின் மேல் உளியை வைத்ததும், "வச்சே, அத்தோட முடிஞ்சுச்சு" என்றார். அதனால்தான் உளியைப் போட்டுவிட்டு, மேல் வழியாக வாயால் உறிஞ்சி எடுக்க ஒரு ரப்பர் டியூபை எடுத்தான்.

எங்கள் பக்கம் கணவரின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்காகச் சண்டை நின்றுவிடாது. சொல்ல வேண்டியதை அவர் மனைவியிடம் சொல்வேன், அதாவது என் ஓரகத்தியிடம். அவள் இல்லையென்றால் சுவரிடம், ஆட்டிடம். அவர் காதில் விழும். அவரும் அதே வழியில் பதில் சொல்வார்.

"தம்பி, அதுல வாயை வைக்காதடா. கடையில கை பம்ப் இருக்கும், வாங்கிட்டு வா."

"எல்லா டிரைவரும் இப்படித்தாம்மா எடுப்பாங்க. பெரியப்பாவே இப்படித்தான் எடுப்பாராம்."

"ஆமா. அப்படி உறிஞ்சி உறிஞ்சித்தான் சிலபேரு நாக்குல நல்ல வார்த்தையே வர்றதில்ல."

அவர் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்துச் சொன்னார்: "ஏய், அங்கிட்டுப் போ. டீச்சரம்மா நிக்கிறாங்க, ஒனக்கும் ரெண்டு மார்க்கக் கொறச்சிரப் போறாங்க."

இதற்குத்தான் என் மகன் சிரித்தான். வாயில் டியூப் இருந்தது. அடைத்துக்கொண்டிருந்த கூழ் அந்த நேரம் பார்த்து விட்டுக்கொண்டு ஒரேயடியாக ஏறி வந்தது.

துப்பினான். இருமினான். இருமல் நிற்கவில்லை. குனிந்து லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, காற்றை இழுக்க முடியாமல் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தான். எங்கள் இரு வீட்டிலும் இருப்பது ஒரே கார், அவருடையது. "அக்கா, காரை எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அக்கா என்று நான் கூப்பிடும் ஓரகத்தி அங்கே இல்லை. களம் தெரியும் அடுப்படிக்கு ஓடியிருந்தாள். அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். நான் இன்னொரு முறை, "காரை எடுக்கச் சொல்லுங்க" என்றேன், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. மிகக் குறைவான நேரமாகத்தான் இருக்கும். நினைத்துப் பார்த்தால் அது மட்டும் முடிவதே இல்லை.

"காரை எடுங்க" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.

அவர் சாவிக்கு உள்ளே ஓடினார். நான் பின்னாலேயே போய்க் கார் நின்ற தகரக் கொட்டகையின் கதவைத் திறந்தேன். திரும்பி வந்தபோது ஓரகத்தி என் மகனின் தாடையைப் பிடித்துச் சொம்பு நிறைய உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தாள். தொண்டைக்குள் விரலை விட்டு, "கக்குடா, நல்லாக் கக்கு" என்றாள். கக்கினான். கக்கும்போதே மூச்சை உள்ளே இழுத்தான். அதற்குப் பிறகுதான் அவன் உதடு நிறம் மாறியது.

கார் புதுக்கோட்டை ஊருக்குள் நுழையும்போது அவர் சொன்னார்: "ஒரு வார்த்தை பேசாம, வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா…"

"நீங்க?" என்றேன்.

அதோடு முடிந்தது. எங்கள் முதல் உரையாடல் அதுதான்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் சின்ன வயதுக்காரர், கோபக்காரர். "டீசல் வயித்துக்குள்ள போனா அதுபாட்டுக்குப் போயிரும். நுரையீரலுக்குள்ள போனாத்தான் ஆபத்து. வாந்தி எடுக்க வச்சா அது மறுபடியும் நுரையீரலுக்குத்தான் போகும். யாரு எடுக்க வச்சது?"

அவன் பெரியப்பா தரையைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. பதிவுக்குக் கொடுத்த என் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்த நர்ஸம்மா, "டீச்சரா? நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். வார்டுக்குள் வரும்போதெல்லாம் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். அதற்கும் பேசாமல் இருந்தேன். பெருந்தன்மையால் அல்ல. ஓரகத்தியின் பெயரை வேறொரு நாளுக்காக வைத்திருந்தேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் களத்தில், ஊரே பார்க்க, அதைச் சொல்வதற்காக.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் முன்பைவிட வெள்ளையாக இருந்தது. அவன் விடும் மூச்சில் டீசல் வாடை அடித்தது. கழுத்து வேர்வையிலும் அடித்தது. இப்போதும் பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவன் அப்பா வளைகுடாவிலிருந்து கூப்பிட்டு, "நான் சொன்னப்பவே அனுப்பியிருந்தா" என்று ஆரம்பித்தார். போனை அணைத்துவிட்டேன். அவன் பெரியப்பா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கி வந்து கதவோரம் வைத்துவிட்டுப் போவார். நான் அதை எடுக்க மாட்டேன். ஆறிப்போன டீயை அவரே எடுத்துக் குடித்துவிட்டு மறுபடியும் வாங்கி வருவார்.

பிறகு காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜனைக் குறைத்தார்கள், ஒரு காலையில் எடுத்தும்விட்டார்கள். "தப்பிச்சிட்டாரு. ஆனா கொஞ்ச நாளைக்கு மூச்சு வாங்கும்" என்றார் மருத்துவர். என் மகன் தானாக மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம் வரவில்லை. ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் நர்ஸம்மா ஊசி போட வந்தார். "இனிமேலாச்சும் கைவைத்தியம் எல்லாம் பண்ணாதீங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓரகத்தி உள்ளே வந்தாள். அத்தனை நாளில் அவள் வந்தது அதுதான் முதல் முறை. பஸ்ஸில் வந்திருந்தாள், தலையெல்லாம் கலைந்திருந்தது. கட்டிலில் கிடந்தவனின் மார்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நர்ஸம்மாவிடம்தான் சொன்னாள்:

"கொடுத்தது அவ இல்லம்மா, நான். எந்தம்பி வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடிச்சப்ப உப்பைக் கரைச்சு ஊத்தித்தான் கக்க வச்சேன், இன்னைக்கும் உசுரோட இருக்கான். இதுக்கு ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னா? படிச்சவங்க அங்கதான் நின்னாங்க. காரை யாரு கேக்குறதுன்னு பாத்துக்கிட்டு நின்னாங்க."