செப்டிக் டேங்க் ஓரத்து அருகம்புல்

செப்டிக் டேங்க் கசிவில் வளர்ந்த அருகம்புல்லை அறுத்து, எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு மாதம் குடிக்கக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குப் போகும் தெரு ஒன்றில் வீடு. கொல்லையில் அருகம்புல் பாத்தி போட்டிருந்தேன். விதை தேவையில்லை. கணு உள்ள தண்டுகளைச் சாண் இடைவெளியில் மணல் கலந்த மண்ணில் படுக்க வைத்து மூடி, பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடித்துவிடும். நல்ல வெயில் வேண்டும். இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால் மூன்று வாரத்தில் மறுபடி தழைக்கும். ஒரு முறை நட்டால் வருஷக்கணக்கில் இருக்கும். அது எங்கெங்கே ஓடுகிறது என்று கவனிப்பதுதான் வேலை.

எதிர்வீட்டு அம்மா தையல் வகுப்பு நடத்துபவர். வயிற்றுப்புண்ணுக்காகத் தினமும் வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு குடிப்பார். காலையில் நடக்க வருபவர்களுக்கு விற்கும் சாற்றை அவர் நம்பமாட்டார்.

"எந்தச் சாக்கடையில புடுங்குனதோ. உங்க புல்லுன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கலாம் சார்."

அதைக் கேட்பதற்காகவே காலையில் கேட் அருகில் நிற்பேன்.

சென்ற கோடையில் போர்வெல் வற்றி, பாத்தி காய்ந்துவிட்டது. ஆனால் அதிலிருந்து ஓடிய தண்டுகள் டேங்க் மூடியைச் சுற்றி வேர்விட்டு, கரும்பச்சையாக மண்டிக் கிடந்தன. மூடியின் விரிசலில் கசிந்ததைக் குடித்து வளர்ந்தவை. அறுக்கும்போது விரலில் வழவழவென்று ஒட்டும். மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை அலசியும் நாற்றம் முழுதாகப் போகாது. வேர் வடிகட்டிவிடும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். புல் இல்லை என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இதைவிடக் குமட்டுவது ஒன்று உண்டு. நானும் தினமும் குடிப்பவன்தான். அந்த மாதம் குடிக்கவில்லை. சளி பிடிக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. திருச்சி புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன், கண் முழுக்க மஞ்சள், ஒரு வாய் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. குடிதண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்றாராம் மருத்துவர். தெருவுக்குக் கேன் தண்ணீர் போடுபவரை அம்மாவின் மகன் நடுத்தெருவில் நிறுத்தித் திட்டினான். "எங்க வீட்டுப் புள்ளைங்களும் இதத்தான் தம்பி குடிக்குது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஜன்னலுக்கு உள்ளேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கைந்து வீடுகள் அவரிடம் தண்ணீர் வாங்குவதை நிறுத்தின. நானும் நிறுத்தினேன்.

தேறி வந்த மறுநாளே அம்மா எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பாதி இளைத்திருந்தார். புல் இருக்குமா என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கொல்லைக்குக் கூட்டிப் போய் டேங்கைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

குனிந்து மூடியின் விரிசலைப் பார்த்தார்.

"நீங்க குடிச்சீங்களா சார்?"

"இல்லம்மா."

வாசல்வரை நடந்து போனவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

அன்றே அவர் மகனோடு கேன்காரர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நிறுத்திய வீடுகளுக்கும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிச் சொன்னேன். கேன்காரர் மறுபடி தெருவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் போட மறுத்துவிட்டார். "உங்க வீட்டுல எறக்க எனக்குக் கை கூசுது சார்" என்றார்.

டேங்க் மூடியைப் பூசி, அங்கிருந்த புல்லை வேரோடு தோண்டி எறிந்தேன். வேறு இடத்திலிருந்து தண்டு கொண்டுவந்து, மொட்டை மாடியில் சிமெண்ட் சட்டிகளில் புது மண் நிரப்பி நட்டேன். முதல் அறுப்பை இரண்டு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ஒன்றை அவர் வீட்டு மிக்சியிலேயே அரைத்துத் தரச் சொல்லி, அவர் எதிரில் குடித்தேன். மற்றதை நீட்டினேன்.

"வெச்சுட்டுப் போங்க" என்றார்.

சாயங்காலம் அந்தக் கட்டு எங்கள் கேட்டுக் கம்பியில் செருகியிருந்தது. நூல்கூடப் பிரிக்கப்படவில்லை.