சிவராமன் சாரும் என் யூகலேலேயின் முதல் தந்தியும்

செய்தி வந்தபோது நான் கணவரின் பிசியோதெரபிக்காக ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் பஜனை மண்டலியின் வாட்ஸ்அப் குழுவில் ‘சிவராமன் போயிட்டார்’ என்று ஒரே வரி. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். கரமனையிலும் ஸ்ரீவராகத்திலுமாக எனக்கு நான்கு சிவராமன்களைத் தெரியும். மற்ற மூவரில் ஒருவராக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படக்கூட அன்று தெம்பில்லை. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வெளியே வந்தபோது குழுவில் படம் போட்டிருந்தார்கள். நம் சார்தான்.

உங்களில் பலருக்கு அவர் சனிக்கிழமை மாலைகளில் மைக் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர். எனக்கு அதற்கு முன்பே தெரியும். தொலைபேசி அலுவலகத்தில் கீழ்த்தளத்துப் புகார் கவுண்டரில் நான் இருந்தேன்; மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு லைன் சோதிக்கிற இடத்தில் அவர் இருந்தார். முப்பது வருஷம் நான் புகார்களை வாங்கினேன், அவர் தீர்த்தார். ‘லலிதா, புகார் சொல்றவா பாதி பேர் சும்மா பேச வந்தவாளாக்கும். மீதிப் பேருக்குத்தான் லைன் கெட்டிருக்கும்’ என்பார். எந்தப் பாதி என்று கேட்டால் இரண்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்பார்.

என் தோள்பட்டை இறுகிப்போய் வீணையைத் தொட முடியாமல் ஆன கதை உங்களுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து மகள் ஒரு யூகலேலே வாங்கி வந்தாள். குட்டி கிடார் மாதிரி, நான்கு நைலான் தந்தி, கைக்கடக்கமான உடம்பு. மண்டலிக்கு அதைக் கொண்டு வந்த முதல் நாள் நீங்கள் அதற்கு ‘பொம்மை வீணை’ என்று பெயர் வைத்தீர்கள். அதுகூடப் பரவாயில்லை. ஹார்மோனியத்துக்கும் டோலக்கிற்கும் நடுவில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. ஜால்ரா போடுகிற மாமிகளைச் சொல்லவே வேண்டாம்.

தந்தியின் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் ஒன்றை அதற்குப் பொருத்தலாம் என்று யாரோ சொல்ல, நானே ஆன்லைனில் ஒன்றை வரவழைத்து, ஏதோ பெரிதாகச் சாதித்தவள்போல சாரிடம் கொண்டு போனேன். தந்திகளுக்கு அடியில், வாத்தியத்தின் வட்ட ஓட்டையில் மாட்டுகிற வகை. மாட்டினார், ஸ்பீக்கரில் இணைத்தார், மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. என் புடவையில் இருந்த சேஃப்டி பின்னைக் கேட்டு வாங்கி அதன் மேல் வைத்தார். சட்டென்று ஒட்டிக்கொண்டது. “இது காந்தமாக்கும். இரும்புத் தந்தி அசைஞ்சாத்தான் இதுக்குத் தெரியும். உங்களது நைலான். இதுக்கு முன்னாடி நீங்க நாள் முழுக்க வாசிச்சாலும் ஒண்ணும் தெரியாது,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “சாரமில்லை, போகட்டும், நானும் ஒரு தடவை இதேதான் பண்ணினேன்,” என்றார். அவர் பண்ணியிருக்க மாட்டார்.

அடுத்து, பலகையின் உட்புறம் ஒட்டுகிற பொத்தான் போன்ற ஒன்றை முயன்றோம். சத்தம் வந்தது. கூடவே என் வளையல், நகம், புடவை உரசுவது எல்லாம் வந்தன. மண்டலியில் ஏற்கெனவே ஜால்ரா போதும் என்று அதையும் எடுத்துவிட்டார். பேட்டரி போடுகிற வகையை அவர் தொடவே இல்லை. அதற்குப் பக்கவாட்டில் சதுரமாக வெட்ட வேண்டும். மேலும், “பேட்டரி தீர்றது எப்பவும் மங்களம் பாடறதுக்கு முன்னாடியாக்கும்,” என்றார். கடைசியில் முடிவானது, தந்திகள் ஏறி நிற்கிற அந்த வெள்ளைத் துண்டின் அடியில் வைக்கிற மெல்லிய பட்டை. வீணைக்காரி நான் அந்தத் துண்டைக் குதிரை என்பேன், அவர் சாடில் என்பார். வாத்தியத்தின் அடிப்பக்கத்தில் டேப் ஒட்டி, கையாலேயே திருகித் திருகி, ஒயர் செருகத் துளை போட்டார். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

அந்தப் பட்டையின் மேல் குதிரை இம்மியும் பிசகாமல் சமமாக உட்கார வேண்டும். எங்கே அழுத்தம் குறைகிறதோ அங்கே உள்ள தந்தி ஸ்பீக்கரில் மெலிந்துவிடும். என் முதல் தந்தி மெலிந்தது. தந்திகளைக் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை வைத்துக் குதிரையின் அடியைத் தேய்த்து, திரும்பப் பூட்டி, ஸ்ருதி சேர்த்து, “எப்படி இருக்கு?” என்றார். “நன்னாயிருக்கு சார்,” என்றேன். தலையை ஆட்டினார். “நன்னாயிருக்கான்னு கேக்கலை. என்ன கேக்கறதுன்னு சொல்லுங்கோ.”

ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எனக்கு மேல் ஸ்தாயிச் சத்தமெல்லாம் காதுல மழுங்கிப் போச்சு. ஹெட்போன் பண்ணின வேலை. ஆத்துக்காரிக்கு மட்டும் தெரியும். மண்டலியில ஒருத்தர்ட்டயும் பறைய வேண்டாம். இனி உங்க காதை வெச்சுத்தான் நான் வேலை பண்ணணும்.” அதை அவர் கேட்ட விதத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. பக்கத்து மேஜையிலிருந்து ஸ்டேப்ளரைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். நானும் சரி என்றேன்.

நான்கு முறை போனேன். கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்த நேரம். பக்கத்து வீட்டில் சொல்லி அவரைப் பார்த்துக்கொள்ள வைத்து, கரமனையில் பஸ் பிடித்து, கிழக்கேகோட்டையில் இறங்கி, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவராகம் வரை நடப்பேன். நான்காவது முறை நல்ல மழை. சார் தேய்த்துப் பூட்டி, “சொல்லுங்கோ,” என்றார். முதல் தந்தி இன்னும் மெலிந்துதான் இருந்தது. “சரியா இருக்கு சார்,” என்றேன். “நிச்சயமா?” “நிச்சயமா.” மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. அவர் சந்தோஷமாக மாமியைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். குடிக்காமல் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு நான் முதல் தந்தியை மட்டும் கொஞ்சம் ஓங்கி மீட்டப் பழகிக்கொண்டேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நவராத்திரி பஜனையில் நீங்கள் எல்லோரும் பாராட்டினீர்கள். சார் அன்று மைக் செட்டை வேறொருவரிடம் விட்டுவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலையைப் பார்த்துப் பூரிக்கிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு உங்களில் சிலர் உங்கள் பிள்ளைகளின் கிடாரையும் வயலினையும் அவரிடம் கொண்டு போனீர்கள். கண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார். மைக் செட்டையும் விட்டார். சாருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார், சோம்பேறியாகிவிட்டார் என்று இன்னொருவர். ‘வயசாயிடுத்து, விடுங்கோ’ என்று சொன்னது நான்.

சாரின் பத்தாம் நாள் காரியம் முடிந்து மாமியைப் பார்க்கப் போனேன். அழுவதற்குப் போன இடத்தில், ஏனென்று தெரியவில்லை, “மாமி, அந்தத் தந்தி சரியாகவே இல்லே. நான் சாரிட்டப் பொய் சொன்னேன்,” என்றேன்.

மாமி ஆச்சரியப்படவில்லை. “அவருக்குத் தெரியும்டீ. நவராத்திரி பஜனை முடிஞ்சு வந்ததுமே சொன்னார். ‘அவ விரல் முதல் தந்தியில மட்டும் ஓங்கி விழறது, சரியாகலை கேட்டியா. பாவம், அவளுக்கு க்ஷீணம். இனி அவளை இழுத்தடிக்கப்படாது’ன்னார்.”

“பின்னே ஏன் மாமி மத்த வேலையெல்லாம் வேண்டாம்னுட்டார்?”

“காது வேண்டாமோ? உங்கிட்டதான் கேட்டு வாங்கிண்டிருந்தார். இன்னொருத்தர்ட்டப் போய்ச் சொல்ல அவருக்கு மனசு வரலை.”

அவர் தலைக்கனக்காரரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. இந்தக் குறிப்பை நான் எழுத ஒப்புக்கொண்டது அதைச் சொல்லத்தான். கேட்காத காதோடும் அவர் வேலை செய்யத் தயாராக இருந்தார். நான்தான் தயாராக இல்லை. என் களைப்பை அவர் மன்னித்துவிட்டார் என்று மாமி சொல்கிறார். மன்னிக்காமல் திட்டியிருந்தால் ஐந்தாவது முறை போயிருப்பேனே என்று எனக்குத் தோன்றுகிறது, கோபம்கூட வருகிறது.

அவர் முடிக்காமல் வைத்துவிட்டுப் போன வேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். உப்புத்தாள் வாங்கி வந்தேன். மதியம் கணவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு தந்திகளைக் கழற்றுகிறேன், தேய்க்கிறேன், பூட்டுகிறேன். தோள் வலிக்கிறது. நைலான் தந்தி புதிதாகப் பூட்டினால் நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்ருதி சேர்த்துச் சேர்த்து அலுத்துப் போகிறது. நேற்று மூன்றாவது முறை. பூட்டி முடித்து, ஸ்பீக்கரில் இணைத்து, நான்கையும் ஒரே அழுத்தத்தில் மீட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து கணவர், இன்னும் முழுதாகத் திரும்பாத பேச்சில், “ஆச்சா?” என்று கேட்டார்.

“இல்லே. இன்னும் சரியாகலை,” என்றேன்.