பதினொன்றிலிருந்து ஒன்றுவரை: புது மோட்டார் சைக்கிளில் பாலிங் சாலை

புது மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பழக்கிக்கொண்டே பாலிங் பக்கம் போய்வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாலை நன்றாக இருக்கிறது. மற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் போனது போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. போன காரணம் தங்கராஜு. கோலாலம்பூரில் தொழில் படித்தபோது மூன்று வருடம் என் பக்கத்து மேசையில் அரம் பிடித்தவன். நான் சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கும் அதே வேலை, பாலிங்குக்கு ஐந்து மைல் முன்னால் இருக்கும் ஒரு தோட்டத்தில். (பெயர் எழுதவில்லை. இந்தக் காலத்தில் எழுதாமலிருப்பது நல்லது.) அவன் வேலையை விட்டுவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறப்போவதாக எழுதியிருந்தான். திங்கட்கிழமை விடிந்ததும் தோட்டத்திலிருந்து லாரி. புதன்கிழமை பினாங்கில் கப்பல்.

அவனைப் போகவிடாமல் நிறுத்துவதுதான் என் திட்டம். எங்கள் ஃபேக்டரியில் இரண்டாவது மெக்கானிக் இடம் காலியாக இருந்தது. மேனேஜரிடம் பேசி, அவனுக்கென்று அதைப் பிடித்து வைத்திருந்தேன். சுயநலம்தான். தோட்டத்தில் எனக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் இடமில்லை, கணக்கு எழுதும் கிராணிமார் வீட்டு வாசலிலும் இடமில்லை. லயத்துக்காரர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். கிராணிமார் பேச்சை ஆரம்பிப்பதே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஜினை நிறுத்தினால் அடுத்த நாள் காலைவரை நான் வாய் திறப்பது சோறு தின்ன மட்டும்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. அவன் தோட்டத்துக்குப் பக்கத்தில் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளால் துப்பாக்கிச்சூடு நடந்து, லயம் முழுக்க முள்வேலிக்குள் ஊரடங்கு. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வாசல் திறக்கும். காலை பதினொன்றிலிருந்து பகல் ஒன்றுவரை. அதற்குள் போனால் உட்கார்ந்து பேசலாம். இல்லாவிட்டால் இல்லை.

இனி வண்டி. இங்கிலாந்தில் செய்தது, 500 சிசி, இரட்டை சிலிண்டர், ஸ்போர்ட்ஸ் மாடல். அதுவரை நான் ஓட்டியது ஃபேக்டரியின் பழைய பட்டாள வண்டி. அதில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். இதில் கைப்பிடி தாழ்ந்து இருக்கிறது. டாங்கின்மேல் வயிற்றை வைத்துப் படுக்க வேண்டும். முதல் நாள் முடிவில் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது காலைத் திருப்பி அடிக்கும். இருபது மைல் வேகத்தில் போனால் இருமுகிறது, தும்முகிறது. பழைய வண்டியைத் திருப்புவதுபோல் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினால் கேட்காது. முழங்காலால் டாங்கை அழுத்தி உடம்பைச் சாய்த்தால் தானாகப் போகும். இது புரிய எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் வேலை முடிந்ததும் கோத்தா கோலா மூடா வரை போய், மீன்பிடிப் படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அங்கே யாரும் என்னிடம் பேசவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் கேட்டார்கள்.

முக்கியமான விஷயம்: முதல் ஐந்நூறு மைலுக்கு மணிக்கு நாற்பது மைலைத் தாண்டக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. புது பிஸ்டன் சிலிண்டரில் இறுக்கமாக இருக்கும். சூடேறினால் பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். அடுத்தவனுக்குப் பாடமே எடுப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சுங்கை பட்டாணியில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் தமிழ் முஸ்லிம் ஒருவரின் கடையில் இரண்டு டின் பால் வாங்கினேன். படிக்கும் காலத்தில் நானும் தங்கராஜுவும் ரொட்டியை டின் பாலில் தோய்த்துத் தின்றே பாதி நாள் ஓட்டியவர்கள். டின் உணவு முழுசாகக் காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அவசரகாலச் சட்டம். நானா ஆணியையும் சுத்தியலையும் எடுத்தார்.

“நானா, ஓட்டை வேணாம். புது வண்டி, பையெல்லாம் ஊத்திரும்.”

“ஓட்டை போடாம குடுத்தா ஒங்களுக்குப் பாலு, எனக்குக் களி. சரியா வருமா தம்பி?” என்று சொல்லிக்கொண்டே டங், டங் என்று டின்னுக்கு இரண்டு அடி.

ஓட்டை போடுவது அவர் வேலை. போட்டுவிட்டார். அதை அடைக்கக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஃபேக்டரிக்கு வந்ததும் ஈயத்தைக் காய்ச்சி நான்கு ஓட்டைகளையும் அடைத்தேன். அரத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். நல்ல வேலை. இப்போதும் சொல்வேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். மீட்டரில் 112 மைல். ஒன்றரை கேலன் பெட்ரோல், மூன்று வெள்ளி. முப்பது மைல் பயணம். ஒன்பதரைக்குப் போய் வாசலில் முதல் ஆளாக நிற்கலாம் என்று கணக்கு. கோலா கெட்டில்வரை சாலை தார் போட்டு ஒழுங்காக இருக்கிறது. வளைவுகளில் வண்டி நான் நினைப்பதற்கு முன்பே சாய்ந்தது. அந்த அரை மணி நேரம் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

கோலா கெட்டில் தாண்டி, பதினாறாவது மைலில் போலீஸ் தடுப்பு. ஒரு தமிழ்க் கார்ப்பரலும் இரண்டு மலாய்க் கான்ஸ்டபிள்களும். கான்ஸ்டபிள் ஒருவன், “வா, மோட்டோ பாரு லா!” என்று புது வண்டியை மலாயில் வியந்து டாங்கைத் தடவினான். அடையாளக் கார்டைப் பார்த்தார்கள், பையைத் திறந்தார்கள். கார்ப்பரல் டின்னைக் கையில் எடுத்து, மேல்பக்கத்தை விரலால் தடவினார். நின்றார். வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

“ஈயம்.”

“யாரு வச்சா?”

“நான்தான்.”

“நல்லா வச்சிருக்கியே. யாருக்குக் கொண்டு போற?”

“கூட்டாளிக்கு.”

“காட்டுலயா இருக்கான் கூட்டாளி?”

“ஊத்திரும்னுதான் சார் அடைச்சேன். புது வண்டி.”

“ஊத்தணும்னுதான்யா ஓட்டையே போடுறது! மலாயாவுல எவனுமே பண்ணாத வேலையப் பண்ணிப்புட்டு வந்து நிக்கிறான் பாரு.”

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் பாலிங்கிலிருந்து வர வேண்டும், அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தேன். பத்தானது. பதினொன்றானது. இந்த நேரம் வாசலைத் திறந்திருப்பார்கள், தங்கராஜு வேலிப் பக்கம் வந்து பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். கார்ப்பரலிடம் மூன்று முறை மணி கேட்டேன். நான்காவது முறை, “ஒன் கையிலயே கடிகாரம் இருக்குல்ல?” என்றார்.

இன்ஸ்பெக்டர் பன்னிரண்டுக்கு வந்தார். எங்கே படித்தாய், என்ன வேலை, எந்த மேனேஜர் என்று கேட்டு எல்லாம் எழுதிக்கொண்டார். டின்களை வெட்டித் திறந்து பார்த்தார். பால்தான். டின்களை வைத்துக்கொண்டு என்னை விட்டார். மணி 12.20.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மீதி பதினான்கு மைல். முப்பத்தைந்து மைல் வேகத்தில் போனால் இருபத்துநான்கு நிமிடம். 12.44-க்கு வாசலில் இருப்பேன். பதினாறு நிமிடம் கிடைக்கும். ஒரு வேலைக்கு ஆள் கூப்பிடப் பதினாறு நிமிடம் தாராளம். எனக்கு அது போதவில்லை. தடுப்பு கண்ணுக்கு மறைந்ததும் திராட்டிலைத் திறந்தேன்.

ஐம்பது, அறுபது, அறுபத்தைந்து. வண்டி அதற்காகவே செய்யப்பட்டதுபோல் போயிற்று. இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. தடுப்பிலிருந்து ஏழாவது மைலில் இன்ஜின் சத்தம் ஒரு நொடி கம்மியது. அடுத்த நொடி பின்சக்கரம் நின்று, ரப்பர் கிறீச்சிட்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. பிஸ்டன் பிடித்துவிட்டது.

இன்ஜின் சூடு ஆறும்வரை தொடக் கூடாது. முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், ஒரே வரிசை, ஒரே உயரம், எங்கே பார்த்தாலும் ஒன்றுபோல. ஒரு பட்டாள லாரி வந்தது, நிறுத்தாமல் போயிற்று. மரங்களுக்குள்ளே ரப்பர் காய் வெடிக்கும்போதெல்லாம் குனிந்தேன். மரத்துக்குப் பின்னாலிருந்து யாராவது வந்து நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். யாரும் வரவில்லை. ஒரு மணியானது. சிலிண்டரில் கை வைத்துக்கொண்டே அது ஆனதைப் பார்த்தேன்.

பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது. இருபதில் ஓட்டினேன். கடைசி நான்கு மைல் செம்மண் சாலை. 1.25-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாசல் பூட்டியிருந்தது. காவலுக்கு நின்ற மலாய்க்காரர், வயசானவர், கையை விரித்து, “துத்துப் லா, தம்பி” என்றார். மூடியாயிற்று. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பத்து விரலைக் காட்டினார். பத்து நிமிடம், இங்கிருந்தே பேசிக்கொள்.

இரண்டு வேலி, நடுவில் இருபதடி வெற்றுத் தரை. அந்தப் பக்கம் தங்கராஜு கம்பி ஓரமாக நின்றான். புது வண்டிச் சத்தம் கேட்டு வந்த நாற்பது பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

“எத்தன மணிக்குடா வர்ற?” என்று கத்தினான்.

“போலீஸ் பிடிச்சிக்கிட்டான்.”

“சரி, ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்.”

உதைத்தேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். இருபதடி தூரம், நாற்பது பேர் இரைச்சல்.

“வலது பக்கம் பிஸ்டன் பிடிச்சிருக்கேடா! புது வண்டியில எவன்டா இப்படி ஓட்டுனான்?”

“நான்தான்.”

“அவசரக்குடுக்க!” என்றான். நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒரு பெண், “இவருதான் இன்ஜின் படிச்சவரா?” என்று கேட்டது எனக்கும் கேட்டது.

இன்ஜினை நிறுத்தினேன். எனக்கு அடுக்கிப் பேச வராது. “எங்க ஃபேக்டரியில ஆள் எடுக்கிறாங்க. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நீ வா. கப்பலுக்குப் போகாதே” என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“டிக்கெட் எடுத்தாச்சுடா. வீட்டுக்கும் எழுதியாச்சு.”

“மாத்திக்கலாம்.”

“ஒக்காந்து பேசுனா பேசலாம்டா. இப்படிக் கத்தியா முடிவு பண்றது?”

காவலர் என் தோளைத் தொட்டார். இரண்டு நிமிடம் அதிகமாகவே கொடுத்திருந்தார். தங்கராஜு, “நாப்பதைத் தாண்டாத!” என்று கத்தினான். நான் தாண்டவில்லை. நான்கு மணிக்கு வீடு. மீட்டரில் 172.

அவன் போய்விட்டான். செவ்வாய், புதன் எனக்கு லீவு கிடைக்கவில்லை, பினாங்குக்கும் போகவில்லை. அந்த மெக்கானிக் இடத்துக்கு ஈப்போவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். வேலை தெரிந்தவர். அவரும் பேசுவதில்லை. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன். வலது பிஸ்டனில் இரண்டு கோடு, தேய்த்துப் போட்டாயிற்று.

போகிறவர்களுக்கு: அடையாளக் கார்டைச் சட்டைப்பையில் வையுங்கள். தின்னும் பொருள் எதையும் கொண்டுபோகாதீர்கள், காலை ஆகாரம் கோலா கெட்டிலில் முடித்துக்கொள்ளலாம், நாற்பது காசு. செம்மண் சாலை வந்ததும் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். தடுப்புகளுக்கென்று இரண்டு மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போகிற இடத்தில் யாரிடமாவது கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், அதை வண்டியில் கொண்டுபோகாதீர்கள். முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிடுங்கள். தபால் எந்த வேலிக்குள்ளும் போகிறது. நான் அந்த மாதம் தங்கராஜுவுக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றிலும் வண்டியைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.