பங்குக் கிணற்றடியில் ஞானாம்பிகை ரீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஞானாம்பிகை ரீச்சர் படிப்பிப்பது மனையியல். ஆனால் பதினோராம் ஆண்டின் கடைசிப் பிரிவை எப்போதும் அவர் தலையில்தான் கட்டுவார்கள். சாதாரண தரச் சோதனையில் இவர்கள் தேறமாட்டார்கள் என்று நாங்கள் முன்கூட்டியே முடிவுகட்டிய பிள்ளைகள் அந்தப் பிரிவில்தான் இருப்பார்கள். அப்படி முடிவுகட்டுகிறவர்களில் முதல் ஆள் நான். கணிதம் படிப்பிக்கிறவன், போதாததற்கு முன்கோபி.

ரீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. தேர்ச்சி அறிக்கைகளில் நாங்கள் 'முயற்சி போதாது', 'கவனம் தேவை' என்று கிறுக்கிவிட்டுத் தேநீருக்கு எழும்பிவிடுவோம். அவர் மட்டும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தான் கண்ட ஒரு நல்ல காரியத்தை எழுதுவார். முப்பத்தெட்டுப் பிள்ளைக்கு முப்பத்தெட்டு வரி. ஒருத்திக்கு எழுதியது இன்னொருத்திக்கு வராது. ரீச்சர் மாலை கட்டத் தொடங்கிவிட்டார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் சிரித்துக்கொண்டே எழுதுவார்.

போன வருடம் அவருக்கே ஒரு வரி பிழைத்தது. கஜந்தினி என்ற பிள்ளைக்குத் தவணைச் சோதனையில் கணிதத்துக்குப் பதினாறு புள்ளி. நான் 'கணிதம் இவருக்கு ஏறாது' என்று எழுதினேன். ரீச்சர் 'கொப்பிகள் மிக நேர்த்தி' என்று எழுதினார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தகப்பன் அருளம்பலம், கோப்பாயில் தோட்டம் செய்கிறவர், இரண்டையும் வாசித்துப் பார்த்தார். சாதாரண தரச் சோதனை எழுதுவிக்காமல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக்கடையில் வேலைக்குச் சேர்க்கப்போவதாகச் சொன்னார். ரீச்சர் கொப்பி நேர்த்தியை எடுத்துச் சொல்லத் தொடங்க, பக்கத்தில் நின்ற கஜந்தினி குறுக்கிட்டாள்.

"அது தங்கச்சி எழுதித் தந்தது, ரீச்சர். என்ரை எழுத்தில்லை."

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம், அதை ஒளிக்க விரும்பவில்லை. ரீச்சருக்கோ முகமே செத்துவிட்டது. பிள்ளையைச் சரியாகப் பார்க்காமல் அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று அன்று முழுக்கச் சொல்லி வருந்தினார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க, விடியவே சைக்கிளில் கோப்பாய்க்குப் போனார். கஜந்தினி தோட்டக் கிணற்றடியில் நின்றாள். அது நாலு வீட்டுக்குப் பங்கான கிணறு. ஒரு வீட்டுக்குப் பாதி, ஒரு வீட்டுக்குக் கால், மற்ற இரண்டுக்கும் அரைக்கால் அரைக்கால். ஆறு மணி தொடக்கம் பத்து மணி வரை மோட்டர் ஓடும். பங்கின்படி யார் எவ்வளவு நேரம் இறைப்பது என்று முறை சொல்வது இந்தப் பிள்ளைதான். அன்று கரண்ட் நாற்பது நிமிடம் பிந்தி வந்தது. நாலு வீட்டுக்காரரும் வாய்க்காலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்கள். பாதிக்கு இருபது நிமிடம் குறையும், காலுக்குப் பத்து, மற்ற இரண்டுக்கும் ஐந்தைந்து என்று அவள் கொப்பி பேனை இல்லாமல் சொன்னாள். ஒருவரும் மறுகதை கதைக்கவில்லை.

திங்கட்கிழமை ரீச்சர் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்தார்.

"உங்கடை பின்னக் கணக்கு இதுக்குள்ளை இருக்கோ எண்டு பாருங்கோ, சேர்."

இருந்தது. தவணைச் சோதனையில் அவள் வெறுமையாக விட்ட கேள்வியே அதுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வரியை வெட்டினேன். ரீச்சரும் தன் வரியை வெட்டிவிட்டு, 'தனக்குச் சேராத புகழை வாங்கமாட்டார். நாலு வீடு இவர் கணக்கை நம்புகிறது' என்று எழுதித் தகப்பனிடம் கொடுத்தார். அவர் வாசித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் கஜந்தினிக்குப் பின்னம் முழுவதையும் கிணற்றை வைத்தே படிப்பித்தேன். அவளும் ஒருநாளும் தவறாமல் வந்தாள். ஆனால் தகப்பன் சோதனைக்கு விடுவாரா என்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

கணிதச் சோதனையன்று காலை வாசலில் ரீச்சரும் நானும் நின்றோம். பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், கஜந்தினியைக் காணவில்லை. ரீச்சர் கையைப் பிசைந்துகொண்டு ஒழுங்கையையே பார்த்தார். மணியடிக்கச் சற்று முன்னர் அருளம்பலத்தின் சைக்கிள் வந்தது. பின்னால் கஜந்தினி. அவள் ஓடிப் போன பிறகு அவர் ரீச்சரிடம் வந்தார்.

"இண்டைக்கு மிச்ச இறைப்பு முறையை நான் பாக்கிறன், ரீச்சர். அவள் ஆறுதலா எழுதட்டும்."

ரீச்சர் அழுதுவிட்டார்.

கஜந்தினி கணிதத்தில் சாதாரண சித்தி பெற்று இப்போது உயர்தரம் படிக்கிறாள். அன்று அருளம்பலம் பார்த்த முறை தலைகீழாகப் போய், கால் பங்குக்காரருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லையாம். நாலு வீட்டுக்காரரும் சண்டை பிடிக்காமல், பிள்ளை சோதனை எழுதிவிட்டு வரட்டும் என்று கிணற்றடியில் காத்திருந்தார்கள்.